எஞ்சிய அழற்சி இடரா, அழற்சிசார் எஞ்சிடரா?

குழுவினருக்கு வணக்கம்.
வகை 2 நீரிழிவுக் கையேட்டுக்கு ஒரு சொல் தேவை. மாரடைப்பு வந்தவர், ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) எடுத்து எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் எச்எஸ்-சிஆர்பி (நுண்ணுணர் சோதனையில் அளக்கும் சிஆர்பி, அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதம்) லிட்டருக்கு 2 மி.கி. அல்லது அதற்கு மேல். இவருக்கு இன்னும் தீராத இதய ஆபத்தை 'எஞ்சிய அழற்சி இடர்' எனலாமா?
— சே.

> எஞ்சிய அழற்சி இடர்

'எஞ்சிய' அழற்சியோடு ஒட்டிக்கொள்கிறது. மருந்துக்குத் தப்பிய அழற்சி என்று படிப்பார்கள். எஞ்சுவது இடர், அழற்சி அதன் காரணம். 'அழற்சிசார் எஞ்சிடர்' என் பரிந்துரை. எஞ்சிடர், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. எல்டிஎல் 70க்குக் குறையாமல், சிஆர்பி மட்டும் 2க்குக் கீழே இருந்தால் 'கொழுப்புசார் எஞ்சிடர்' என்று இணைச்சொல்லும் கிடைக்கும்.

அழற்சிக்கு 'வீக்கம்' என்ற சொல் மட்டும் வேண்டாம். நோயாளி காலை அமுக்கிப் பார்ப்பார்; நாம் பேசுவது தமனிச் சுவரை.
— ம.

ம. ஐயா, 'எஞ்சிடர்' நன்று. 'அழற்சி'தான் உறுத்துகிறது, ரொம்ப அகலம். கேண்டோஸ் ஆய்வில் (2017) மூன்று மாதத்துக்கு ஒருமுறை கனகினுமாப் 150 மி.கி. ஊசி, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1பீட்டா என்ற புரதத்தைத் தடுத்தது. எல்டிஎல் அசையவில்லை, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்த்து 15% குறைந்தன. பங்கேற்றவர்களில் பத்தில் நால்வர் நீரிழிவுக்காரர்கள். (உயிர் பறிக்கும் தொற்றுகள் கூடின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) அடுத்து வந்த சர்ட் ஆய்வில் (2018) இதயத் தமனி நோயோடு நீரிழிவோ வளர்சிதைமாற்றக் கோளாறோ உள்ளவர்களுக்கு வாரம் 15–20 மி.கி. மெத்தோட்ரெக்சேட் (மூட்டுவாதத்துக்குத் தரும் அழற்சியடக்கி). அது இன்டர்லூக்கின்-1பீட்டா, இன்டர்லூக்கின்-6, சிஆர்பி எதையும் இறக்கவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. ஆக, எந்த அழற்சியடக்கி மாத்திரையும் உதவும் என்று இந்தச் சொல் நினைக்க வைத்துவிடக் கூடாது. வலி மாத்திரைகள் பல இதயத்துக்கே கெடுதல்.
— க.

எந்த அழற்சிப் பாதை (இன்டர்லூக்கின் வழி) என்பதை வரையறையில் எழுதுவோம், சொல்லுக்குள் திணித்தால் நாக்கு சுளுக்கும்.

இன்னொன்று: 'நுண்ணுணர்' என்ற அடை சோதனைக்கு உரியது, புரதத்துக்கு அல்ல. 'நுண்ணுணர் புரதம்' பிழை. 'சிஆர்பி நுண்ணுணர் சோதனை' என்க. சளி, காய்ச்சல், பல் ஈறில் சீழ், குறிப்பாக நீரிழிவுக் கால்புண் இருக்கும்போது எடுத்த அளவு பயன்படாது. லிட்டருக்கு 10 மி.கி. தாண்டினால் முதலில் தொற்றைத் தேடி, அது ஆறி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி எடுக்க வேண்டும். வரையறைக்குக் கீழே இதையும் அச்சிடுங்கள்.
— ம.

ஏற்றுக்கொள்கிறேன். மருத்துவர் பகுதியில் 'அழற்சிசார் எஞ்சிடர்'. நோயாளி துண்டறிக்கையில் 'மிச்சமிருக்கும் ஆபத்து'.
— சே.