இந்தியப் பிள்ளைகளோடு ஹொஸ்டல் றூமில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

கொக்குவிலான்:

ரஷ்யாவில் மெடிசின் படித்தவர்களுக்கு ஒக்டோபர் மாதத்தை விளக்கத் தேவையில்லை. வெளியே குளிர் தொடங்கிவிடும், றூமுக்குள் சூடு தருகிற சுவரோர இரும்புக் குழாய் சில்லென்று கிடக்கும். நாளின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாள் 8 பாகைக்குக் கீழே இருந்தால்தான் சூட்டைத் திறப்பார்கள். எங்கள் றூமில் மூன்று பேர்: நான், ஒரு கேரளப் பொடியன், பிகாரில் இருந்து வந்த ஒருவன். பிகார்க்காரன் சந்தையில் கம்பிச்சுருள் ஹீற்றர் ஒன்று வாங்கி வந்தான். விடுதியில் அது தடை. விடுதிப் பொறுப்பாளர் கமெண்டாந்த் அம்மா கண்டால் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எச்சரிக்கைக் கடிதம். பகலில் அதைச் சூட்கேசுக்குள் ஒளிப்பான், இரவில் கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் நடுவில் வைப்பான்.

ஒரு நாள் நடுச்சாமம் ரப்பர் கருகும் மணம் வந்து எழும்பினேன். பிளக் உருகத் தொடங்கியிருந்தது. கழற்றிவிட்டுப் படுத்தேன், அவனை எழுப்பவில்லை. விடியப் பார்த்தால் அவனுக்குக் காய்ச்சல். "என்னிடம் சொல்லிவிட்டுக் கழற்றியிருக்கலாம்" என்று இங்கிலீஷில் ஒரேயொரு வசனம். அந்தக் கிழமையே ஐந்தாம் மாடிக்கு மாறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு கடைசி வருடம் வரை வெறும் தலையாட்டல்தான்.

நான் கழற்றியது சரி. ஓர் இரவுக் குளிரில் காய்ச்சல் வராது என்பது அவனுக்கும் தெரியும், அவனும் மெடிசின் படித்தவன்தானே. ஆனாலும் அந்த வசனம் மனதை விட்டுப் போகுதில்லை. இப்படி வேறு யாருக்காவது?

இணுவில் பிள்ளை:

நான் பங்களாதேஷ். அங்கே படிக்கிற இந்தியப் பிள்ளைகளில் நிறையப் பேர் காஷ்மீர் என்பது போனவர்களுக்குத் தெரியும். என்னோடு இருந்தவளும் ஸ்ரீநகர்தான். கதை குறைவு, கஹ்வா என்கிற காஷ்மீர்த் தேநீர் போட்டால் எனக்கும் ஒரு கப் வைப்பாள், அவ்வளவுதான் பழக்கம்.

2019 ஓகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டோடு கதைத்தாள். அடுத்த நாள் காலையில் எடுத்தால் எந்த நம்பரும் வேலை செய்யவில்லை. தகப்பன், தாய், மாமா, பக்கத்து வீடு, ஒன்றும் இல்லை. காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்குகிற நேரம், கைபேசி, தரைவழித் தொலைபேசி, இன்டர்நெட் எல்லாவற்றையும் அரசாங்கம் ஒரே இரவில் வெட்டிவிட்டது. நாங்கள் வார்ட்டுக்குப் போவோம், வருவோம், அவள் கட்டிலில் இருந்து நம்பர்களைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பாள். 12ஆம் தேதி ஹஜ் பெருநாள். மற்றக் காஷ்மீர்ப் பிள்ளைகளும் எங்கள் றூமுக்கு வந்து தரையில் வரிசையாக இருந்தார்கள், ஒருவரும் சமைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா 90களில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்தவ. கொழும்பில் இருந்த தம்பி உயிரோடு இருக்கிறாரா என்பதே செஞ்சிலுவைச் சங்கக் கடிதம் வந்தால்தான் தெரியுமாம். "அவளிட்ட ஒண்டும் கேளாத, சாப்பிட மட்டும் வை" என்றா. நான் புட்டும் முட்டைப்பொரியலும் செய்து வைத்தேன். சாப்பிட்டாள்.

பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில், நாங்கள் கார்ட் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இரவு, தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு. தகப்பன். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் சனம் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் கதைத்தார்களாம். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவது எனக்கே கேட்டது. எல்லாரும் சுகம் என்றார். அடுத்ததாகக் கேட்டது, "பரீட்சை எல்லாம் எழுதினாயா?" அவள் எழுதினேன் என்றாள். லைன் போய்விட்டது. ஐட்டம் என்கிற சின்னப் பரீட்சை ஒன்றுகூட எழுதவில்லை அந்த மாதம், எல்லாமே பாக்கி. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தோம் என்று இன்றுவரை இருவரும் கதைத்ததில்லை.

சுன்னாகம் வயரிங்:

என் மகள் வெளியில் படித்தவள், ஒரு முறை போய்ப் பார்த்தேன், றூம் வடிவாக இருந்தது. அது கிடக்கட்டும்.

கொக்குவில் தம்பி, நீர் செய்தது முழுக்கச் சரி, ஆனால் பாதியில் விட்டுவிட்டீர். 2000 வாட் ஹீற்றர் 220 வோல்ட்டில் 9 அம்பியர் இழுக்கும். சோவியத் காலக் கட்டடங்களில் பெரும்பாலும் அலுமினிய வயர். பிளக் பொயின்றில் பிடி தளர்ந்திருந்தால் அந்த இடம்தான் முதலில் சூடேறும். நீர் மணத்துக்கு எழும்பினீர், எல்லா நாளும் எழும்புவீரா? 2003 நவெம்பர் 24 இரவு மாஸ்கோவில் வெளிநாட்டு மாணவர் விடுதி ஒன்று எரிந்து 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பெரும்பாலும் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகள். விடிந்ததும் அந்த ஹீற்றரைக் குப்பையில் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. இப்போது பிள்ளைகளை அனுப்புகிற தாய் தகப்பன்மார் கவனியுங்கோ. ஏஜென்சிக்காரரிடம் காசு கட்ட முதல் ஒரு றூமில் எத்தனை கட்டில், குசினி மாடிக்கு ஒன்றா கட்டடத்துக்கு ஒன்றா, சாப்பாட்டுக் காசு கட்டாயமா என்று எழுத்தில் வாங்குங்கோ. இந்தியப் பிள்ளைகள் சில இடங்களில் அவர்களுடைய ஒப்பந்தக்காரர் மூலம் வருவார்கள், மெஸ், றூம் எல்லாம் அவர்தான் பிரிப்பார். எங்கள் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை என்றால் வருடத்தின் நடுவில் றூம் மாற்றுவார்கள். இலங்கை மருத்துவ சபை அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரித்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கோ, ஏஜென்சி காட்டுகிற போட்டோக் கொப்பியை நம்பாதேங்கோ. இந்தியர்களுக்கு 2021இல் இருந்து 54 மாதப் படிப்பு, 12 மாத உள்ளகப் பயிற்சி எல்லாம் அதே இடத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம். அதனால் அவர்கள் இடம் மாற ஏலாது, சண்டை வந்தாலும் ஐந்தாறு வருடம் அதே முகம்தான். முதல் மாதமே கதைத்து முடிவெடுங்கோ. எக்ஸ்டென்ஷன் கோட் இங்கிருந்து கொண்டு போகவும்.

பருத்தித்துறை வடை:

ஐயா, அவர் வயரிங் கேட்கவில்லையே.

எனக்கு கிர்கிஸ்தானில் பிஷ்கெக். றூம்மேட் கோழிக்கோடு. புட்டு சாப்பிடுகிற இரண்டு ஊர், ஒரு றூம், பிரச்சினை வராது என்றுதான் நினைத்தேன். அவனிடம் அலுமினியப் புட்டுக்குழல், என்னிடம் அம்மா தந்துவிட்ட நீத்துப்பெட்டி, புட்டு அவிக்கிற பனையோலைப் பெட்டி. அவன் புட்டுக்கு வாழைப்பழமும் சீனியும், எனக்கு மீன்குழம்பு. சரி, ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்தோம். ஜனவரியில் ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தால் நீத்துப்பெட்டியைக் காணவில்லை. "அந்தப் பழைய ஓலைக் கூடையா? கறுத்துப் போயிருந்தது, போட்டுவிட்டேன்" என்றான். கீழே இறங்கி உறைந்து கிடந்த குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டு எடுத்தேன், பிடி பிய்ந்திருந்தது. காவலாளி கிழவர் நான் பசியில் குப்பை கிளறுகிறேன் என்று நினைத்து ஒரு பாண் துண்டு நீட்டினார். வாங்கினேன், வேறென்ன செய்ய.

இப்போது அவன் நல்ல நண்பன். ஆனால் பனையோலை கறுத்தால்தான் பதம் என்பதை இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

நல்லூர் மேற்கு:

சீனாவில் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2020 சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஒரு பையோடு வீட்டுக்கு வந்தேன். றூம்மேட் திருச்சி, அவளும் அதே கிழமை போனாள். மிச்சத்தை எல்லாரும் அறிவீர்கள். மாணவர் விசா திரும்பத் திறந்தது 2022 ஓகஸ்டில்தான். அதற்கிடையில் விடுதிக்காரர் றூமைக் காலி செய்தார்கள். வீசாட்டில் வீடியோ அழைப்பு, ஓர் ஆன்ட்டி கையுறையோடு ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டுகிறா, வைக்கிறதா எறிகிறதா என்று. ஆளுக்கு ஒரு பெட்டிதான் அனுமதி. திருச்சிக்காரி போன் எடுக்கவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். அவளுடைய உடற்கூற்றியல் புத்தகங்களையும் குளிர் ஜக்கற்றையும் வைக்கச் சொன்னேன். நீலப் பை ஒன்று காட்டினா, உள்ளே துணி போல இருந்தது, எறியச் சொன்னேன். அது அவளுடைய பாட்டியின் சேலையில் தைத்த போர்வை.

அவள் ஒரு முறைகூடக் குற்றம் சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். சுன்னாகம் ஐயா, இதற்கு எழுத்தில் என்ன வாங்குவது?

சுன்னாகம் வயரிங்:

மகள், அதற்கு ஒன்றும் செய்ய ஏலாது. பெட்டிகளில் பெயரும் ஊர்த் தொலைபேசி நம்பரும் எழுதி ஒட்டியிருந்தால் கொஞ்சம் உதவியிருக்கும்.

கரவெட்டி டொக்டர் (இன்னும் ஆகவில்லை):

என் றூம்மேட் ஆந்திரா, குண்டூர்ப் பக்கம். மூன்றாம் வருடத்தில் இருந்தே அவனுக்கு ஒரே நினைப்பு, வெளிநாட்டில் மெடிசின் படித்தவர்களுக்கு இந்தியாவில் வைக்கிற எஃப்.எம்.ஜி.ஈ. பரீட்சை. ஊருக்குத் திரும்பினால் அதில் 300க்கு 150 எடுத்தால்தான் டொக்டர். காசு கட்டி வாங்கின வீடியோ வகுப்பை இரவு இரண்டு மணிக்கு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடுவான். ஹெட்போன் போட்டால் காது வலிக்குமாம். அதிலிருந்து கடைசி வருடம் வரை என் நித்திரைக்குள் ஓர் ஆள் வேகமாக மருந்தியல் சொல்லிக்கொண்டே இருந்தார். சண்டை பிடித்திருக்கிறேன், தலையணை எறிந்திருக்கிறேன்.

படிப்பு முடிந்து ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் இரவு எடுத்தான். "148 டா." வீட்டில் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறான், பின்னால் தாய் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. போய்ச் சாப்பிடு என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த முறை பாஸ் பண்ணிவிட்டான், ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை.

இப்போது நான் இலங்கையில் அதே மாதிரிப் பரீட்சையான ஈ.ஆர்.பி.எம். எழுதக் காத்திருக்கிறேன். போன மாதம் தன் குறிப்புகள் முழுவதையும் ஸ்கான் பண்ணி அனுப்பியிருக்கிறான். மருந்தியல் பகுதி நல்லது, அதைக் கேட்டே பாடமாகிவிட்டது. சட்ட மருத்துவம் முழுக்க இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகள், எனக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. இலங்கைச் சட்டத்துக்கு யாரிடமாவது நல்ல குறிப்பு இருந்தால் அனுப்புங்கோ.