'ஃபென்ஸ்' என்றால் வேலி மட்டும்தானா?

தமிழினி:
ஒரு குற்றச் செய்தியை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்தால் "நகைத் திருட்டில் வேலி கைது" என்று வருகிறது 😀 திருட்டுப் பொருளை வாங்கி விற்கும் ஆளையும் ஆங்கிலத்தில் ஃபென்ஸ் என்பார்கள், அதன் விளைவு. சரி, ஆங்கிலம் கற்பவர்களுக்கு இந்தச் சொல்லை எப்படிச் சொல்லித் தருவது? வேலி, தடுப்பு என்ற ஒரே பொருளை நன்றாகப் பதியவைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும் என்பது என் கட்சி.

ரம்பம்:
தானாக எங்கே விளங்குகிறது? மேசை ரம்பத்தில் ஃபென்ஸ் என்று ஒரு நேர்ச்சட்டம் உண்டு. பலகையை அதை ஒட்டியே தள்ளினால் வெட்டு கோணாமல் வரும். வழிகாட்டுவதுதான் அதன் வேலை. ஜியோஃபென்ஸ் என்பதோ வரைபடத்தில் போட்ட கோடு, வண்டி அதைத் தாண்டினால் கைபேசிக்குச் செய்தி வருமே தவிர வண்டி நிற்காது. தடுக்காத வேலியை வைத்துக்கொண்டு தடுப்பு என்று எப்படிப் பாடம் நடத்துவீர்கள்?

தமிழினி:
பலகை பக்கவாட்டில் விலகாமல் இருப்பது எதனால்? அந்தச் சட்டம் தடுப்பதால்தானே! கணினி நிரலில் வரும் மெமரி ஃபென்ஸையும் பாருங்கள். கணினியின் செயலி (ப்ராசசர்) வேகத்துக்காக நினைவகக் கட்டளைகளை முன்பின்னாக மாற்றிச் செய்யும், அந்த மாற்றம் ஒரு புள்ளியைத் தாண்டக் கூடாது என்று போடும் தடைதான் அது. ஜியோஃபென்ஸ் வேண்டுமானால் விதிவிலக்கு.

பழஞ்சுவடி:
இரண்டு பேருமே கதையைப் பாதியில் தொடங்குகிறீர்கள். இது 'டிஃபென்ஸ்' என்பதன் முன்பகுதி உதிர்ந்து வந்த சொல். 14ஆம் நூற்றாண்டில் தற்காத்தல் என்றுதான் பொருள், வேலி என்ற பொருள் 15ஆம் நூற்றாண்டில்தான் பதிவாகிறது. வாள் விளையாட்டுக்கு ஃபென்சிங் என்று பெயர் வந்ததும் இந்தத் தற்காப்பால்தான், அங்கே எந்த வேலியும் இல்லை. திருட்டுப் பொருள் வாங்குபவர் என்பது 1700 வாக்கில் வந்த திருடர்களின் குழூஉக்குறி, மறைவின் பாதுகாப்பில் நடக்கும் வியாபாரம் என்று விளக்கம் சொல்வார்கள். ஆக, ஒரே பொருளைத்தான் சொல்லித் தருவேன் என்றால் 'காப்பு' என்று சொல்லுங்கள்.

ரம்பம்:
வரலாறு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நாளைக்கு ஒரு வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவருக்கு அது எதற்கு? "ஆன் த ஃபென்ஸ்" என்பதற்கு நம் ஆட்கள் உடனே 'மதில் மேல் பூனை' போட்டுவிடுகிறார்கள். பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று பார்ப்பவனுக்குத்தான் தெரியாது. ஆங்கிலத்துக்காரர் பெரும்பாலும் எந்தப் பக்கமும் சாயாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், பல நேரம் வேண்டுமென்றே. "மெண்டிங் ஃபென்சஸ்" இன்னொன்று. இன்றைக்கு அதற்குப் பொருள் முறிந்த உறவைச் சரிசெய்வது. தடுப்பு என்று படித்தவர் சுவரை உயர்த்துகிறார்கள் என்றுதான் நினைப்பார். இதற்கெல்லாம் வழி பயன்பாட்டை அப்படியே படிப்பதுதான், வாக்கியம் வாக்கியமாக.

தமிழினி:
வாக்கியம் வாக்கியமாகப் படிக்க ஆயுள் போதாது. 'ஃபென்ஸ் இன்' என்றால் உள்ளே அடைப்பது, 'ஃபென்ஸ் ஆஃப்' என்றால் ஒரு பகுதியைத் தனியே பிரிப்பது, 'ரிங் ஃபென்ஸ்' என்றால் ஒரு தொகையை வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி ஒதுக்கிவைப்பது. மூன்றும் வேலியைக் கண்ணால் பார்த்தவருக்கு உடனே பிடிபடும்.

பழஞ்சுவடி:
ரிங் ஃபென்ஸ் என் பக்கச் சான்று அம்மா! பிரிட்டனில் 2019 முதல் பெரிய வங்கிகள் பொதுமக்களின் வைப்புத்தொகையை முதலீட்டு வங்கித் தொழிலிலிருந்து பிரித்துவைக்க வேண்டும் என்று விதி, அதற்கும் இதே பெயர்தான். எதற்காகப் பிரித்தார்கள்? அங்கே அடி விழுந்தால் இந்தப் பணத்தைக் காக்கத்தானே.

ரம்பம்:
காப்பு என்று படித்துவிட்டுப் போகிறவர் அந்தச் செய்தியை "நகைத் திருட்டில் காப்பு கைது" என்று எழுதுவார். அதற்கு வேலியே பரவாயில்லை, நகைக் கடையில் காப்பு வேறு இருக்கிறது.