பெண்ணின் நடனத்தைப் படமெடுக்க முதல் கேமரா: 35,000 ரூபாய்க்குள் எது?

பெரம்பூர் லோகோ:

வணக்கம். கேமரா விஷயத்தில் நான் முழுப் புதுசு. என் பெண் ஆறாம் வகுப்பு, பரதநாட்டியம் கற்கிறாள். தை மாதம் சலங்கை பூஜை. ஃபோனில் எடுத்தால் ஸ்பாட் லைட்டில் முகம் வெளுத்துப்போகிறது, கை ஆடிய இடத்தில் மங்கலாக ஒரு கோடுதான் விழுகிறது. டீச்சர் வீட்டு வெராண்டாவில் பகலில் எடுத்தால் அதே ஃபோனில் அருமையாக வருகிறது.

கையில் இருப்பது 35,000. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டேன். கேனான் 1500டி, இரண்டு லென்ஸ், பை, ட்ரைபாட், எல்லாம் சேர்த்து காம்போ என்றார்கள். பட்ஜெட்டைத் தாண்டுகிறது, அதற்கென்ன இஎம்ஐ போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். என் மச்சான் நிக்கான் டி3500 வாங்கச் சொல்கிறான். 24 மெகாபிக்சல் போதுமா? செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? பார்க்கத் தெரியாதே என்று பயமாக இருக்கிறது. நடனம் போக, லீவில் வேடந்தாங்கல் போய் பறவை எடுக்கவும் ஆசை.

கட்டைவிரல்:

டிஎஸ்எல்ஆர் கதை முடிந்துவிட்டது நண்பரே. இன்னும் கொஞ்சம் சேர்த்து மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா, வாங்குங்கள். சத்தமில்லாமல் எடுக்கலாம், கண்ணைத் தானாகப் பிடித்து ஃபோகஸ் செய்யும். இப்போது போய் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரில் பணத்தைப் போடுவானேன்?

எல்லிஸ் ரோடு மெக்கானிக்:

தம்பி, நான் திருவல்லிக்கேணி எல்லிஸ் ரோட்டில் கேமரா ரிப்பேர் பார்க்கிறவன். விற்பவன் இல்லை. நீ எந்தக் கம்பெனி வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான், எதுவானாலும் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும்.

மெகாபிக்சல் பேச்சை முதலில் விடு. 12க்கு 18 அங்குல பிரிண்டுக்கு 18 மெகாபிக்சலே தாராளம். உனக்கு வேண்டியது வேறு. ராத்திரி, மண்டபத்துக்குள்ளே, ஆடுகிற பிள்ளை. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் கேமரா பாடியை விட லென்ஸ் எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதுதான் கணக்கு. காம்போவில் வரும் 18-55 லென்ஸை 55க்கு இழுத்தால் எஃப் 5.6தான். எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் அதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல். 1.8இல் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்வு, 1600 வைத்து 1/250 நொடி ஷட்டர் ஸ்பீடு கிடைக்கிற மேடையில், அந்த 18-55 லென்ஸ் ஐஎஸ்ஓ 15,000ஐத் தாண்டிக் கேட்கும். 1500டியின் சாதாரண எல்லை 6400, இழுத்துப் பிடித்தால் 12,800. அந்தப் படத்தில் உன் பெண்ணை விட மணல் மாதிரிப் புள்ளிதான் அதிகம் தெரியும்.

இரண்டாவது லென்ஸ் 55-250 மோசமில்லை. வெயிலில் பறவைக்கு நல்லது, மண்டபத்துக்கு ஆகாது. ட்ரைபாட் கேமராவைத்தான் அசையாமல் நிறுத்தும், ஆடுகிற பிள்ளையை நிறுத்தாது. ஆக காம்போ முழுக்க உன் வேலைக்கு உதவாத சாமான். இதற்கு இஎம்ஐ வேறா?

மச்சான் சொல்லும் டி3500 நல்ல பாடி. ஒரு சார்ஜில் 1550 படம் என்று கம்பெனி கணக்கு சொல்லும், கல்யாணத்துக்கே போதும். ஆனால் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய 50 ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் சுற்ற வேண்டும். லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா பார்த்து வாங்கணும். கேனானில் 3000டி பக்கம் மட்டும் போகாதே, லென்ஸ் மாட்டுகிற வளையமே பிளாஸ்டிக்.

என் யோசனை: பாடி பழையது, லென்ஸ் புதியது. கேனான் 750டி பாடி தேடு. 2015 மாடல். அதில் 19 ஃபோகஸ் புள்ளி, எல்லாமே குறுக்கு வகை, அதாவது கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிக்கும். 1500டியில் இருப்பது 9, அதில் நடுவில் உள்ள ஒன்று மட்டும்தான் குறுக்கு. இருட்டில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். லைட் மினுக்கினால் அது பிரகாசமாகும் நொடி பார்த்து ஷட்டரைத் திறக்கிற வசதியும் 750டியில் உண்டு. 80டி இதைவிட நல்லது, 45 புள்ளி, ஆனால் உன் பட்ஜெட்டை இழுத்துவிடும். பாடி போக மிச்சத்தில் கேனானின் புது 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் பில்லோடு வாங்கு.

கட்டைவிரல் சொல்வது பொய்யில்லை, கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. அதனால்தான் நல்ல பாடியெல்லாம் சல்லிசாகக் கைமாறுகிறது. நமக்கென்ன நஷ்டம்? அந்த 50 லென்ஸும் வீணாகாது. நாளைக்குக் கேனான் மிரர்லெஸ் வாங்கினால் இடையில் ஒரு அடாப்டர், ஆட்டோஃபோகஸ் உட்பட எல்லாம் வேலை செய்யும்.

பெரம்பூர் லோகோ:

ரொம்ப நன்றி அண்ணா. பழைய பாடியைப் பார்த்து வாங்குவதில்தான் தயக்கம். எதைத் தொட்டுப் பார்க்கணும், எதைக் கேட்கணும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

எல்லிஸ் ரோடு மெக்கானிக்:

பகலில் போ. உன் சொந்த மெமரி கார்டு எடுத்துக்கொள், ஃபோன் டார்ச் போதும்.

முதலில் லென்ஸ். பாடியோடு பழைய லென்ஸ் தருவார்கள், அதைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பார். தூசி நாலு புள்ளி இருந்தால் கவலைப்படாதே, படத்தில் விழாது. நூல் நூலாகக் கிளை விட்டு வெள்ளையாகத் தெரிந்தால் ஃபங்கஸ். அது கண்ணாடி மேல் இருக்கும் கோட்டிங்கைத் தின்னும், நான் துடைத்துக் கொடுத்தாலும் தடம் நிற்கும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பையோடு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய லென்ஸ்தான் அதிகம் இப்படி வரும். ‘வெளியே எடுக்கவே இல்லை சார், புதுசு மாதிரி’ என்று பெருமையாகச் சொல்வார்கள். எடுக்காததுதான் வினையே.

அப்புறம் பாடி. அடியிலும் பக்கத்திலும் உள்ள ஸ்க்ரூ தலைகளைப் பார். காடி சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேள். மேலே ஃப்ளாஷ் மாட்டும் தகட்டிலோ பேட்டரி அறையிலோ பச்சை பூத்திருந்தால் கடற்காற்றில் புழங்கிய கேமரா. மெரினா, காசிமேடு என்று விடியற்காலை ஷூட்டிங் போனது. அதை வைத்துவிட்டு நகர்ந்துவிடு. பிடியில் உள்ள ரப்பர் உப்பி வந்திருந்தால் பரவாயில்லை, ஒட்டிக்கொள்ளலாம்.

எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை, ஃபோகஸ் இல்லாமல், ஒரு படம் எடு. ஸ்க்ரீனில் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் அழுக்கு தெரியும். ஊதினால் போகிற தூசி என்றால் சரி. கோடு இருந்தால் வேண்டாம். பிறகு நாளிதழை மேசையில் விரித்து, சாய்வாக நின்று, நடுவில் ஒரு வரியைக் குறிவைத்து எடு. அந்த வரிதான் கூர்மையாக இருக்கணும், முன்னே பின்னே இருந்தால் ஃபோகஸ் தள்ளியிருக்கிறது. கடைசியாக, தொடர்ந்து படமெடுக்கும் பர்ஸ்ட்டில் வைத்து விடாமல் அழுத்து. சத்தம் ஒரே சீராக வரணும்.

ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்று நிக்கானில் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும். கேனானில் அப்படி இல்லை, கம்ப்யூட்டரில் மாட்டித்தான் பார்க்கணும். விற்பவர் ‘வெறும் ஐயாயிரம்தான் சார்’ என்று வாயால் சொல்வதை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதே.

வாங்கியபின், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டர். 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கணும். நீல ஜெல் ரோஸ் நிறமானால் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு மறுபடி போடு. பையைத் துவைத்துக் காயவைத்து அலமாரியில் தனியாக வை.

சபா மூன்றாம் வரிசை:

நான் நடனம் கற்றவள், இப்போது டீச்சர் கேட்டால் குழந்தைகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். கேமரா பற்றி மெக்கானிக் ஐயா சொன்னதே போதும். உட்காரும் இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

750டியில் 50 எம்எம் போட்டு 20 அடி தூரத்தில் இருந்தால் உங்கள் ஃப்ரேம் சுமார் 9 அடி அகலம், 6 அடி உயரம். ஆறாம் வகுப்புக் குழந்தை கையைத் தூக்கினாலும் அடங்கும். அதற்குப் பின்னால் போகப் போகக் குழந்தை சின்னதாகும், வெட்டித்தான் எடுக்கணும். முதல் வரிசைக்கும் போகாதீர்கள், மேடை விளிம்பு பாதத்தை மறைத்துவிடும். பாதம் இல்லாத அரைமண்டியை, அதாவது முழங்கால் மடக்கி நிற்கும் நிலையை, டீச்சரிடம் காட்டிப் பாருங்கள், தெரியும் சேதி. தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கம் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓர இருக்கை கிடைத்தால் மைக் ஸ்டாண்ட் தொல்லை குறையும்.

மோடு மேனுவல். 1.8 அல்லது 2, 1/250, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கி முகத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், குறையுங்கள். ஆட்டோவில் விட்டால் பின்னாலிருக்கும் கறுப்புத் திரையைப் பார்த்து கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். உங்கள் ஃபோன் செய்வதும் அதுதான். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

ஆடிக்கொண்டே இருக்கும்போது அழுத்தித் தள்ளாதீர்கள். தொடக்க உருப்படியான அலாரிப்பில் கழுத்தும் கண்ணும் மட்டும் அசையும் இடங்களில் 1/125 கூடப் போதும். ஜதியில் கடைசியில் ததிங்கிணதொம் மூன்று முறை வரும். மூன்றாவது ‘தொம்’மில் குழந்தை நிற்பாள், முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதுதான் படம். ‘தொம்’ காதில் விழுந்தபின் அழுத்தினால் கை இறங்கியிருக்கும். இரண்டாவதிலேயே பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பிடித்து வையுங்கள். உங்கள் பெண்ணையே வீட்டில் இந்த ஜதிச் சொற்கட்டைச் சொல்லச் சொல்லி, கை தட்டிப் பழகுங்கள். ஒத்திகைக்கு ஒருநாள் கேமராவோடு வரலாமா என்று டீச்சரைக் கேட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

பெரம்பூர் லோகோ:

மேடம், சொற்கட்டு விஷயத்தைப் படித்துவிட்டு என் பெண் ஒரே சிரிப்பு. அப்பாவுக்குத் தாளம் தப்புகிறதாம்.

அண்ணா, வில்லிவாக்கத்தில் ஒருவரிடம் 750டி பார்த்தேன். ஸ்க்ரூ எல்லாம் சுத்தம், பச்சை எதுவும் இல்லை, சுவர்ப் படத்தில் இரண்டு புள்ளி இருந்தது, ஊதியதும் போய்விட்டது. ஆனால் அவர் தரும் 18-55இல் எஃப் 11 வைத்தால் எர்ர் 01 என்று வருகிறது. முழுக்கத் திறந்து எடுத்தால் வரவில்லை. லென்ஸோடு சேர்த்துத்தான் தருவேன் என்கிறார். விட்டுவிடட்டுமா?

எல்லிஸ் ரோடு மெக்கானிக்:

எர்ர் 01 என்றால் லென்ஸும் பாடியும் பேசிக்கொள்வதில் தகராறு. திறந்தால் வேலை செய்து, மூடினால் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் லென்ஸுக்குள் இருக்கும் பட்டையான கேபிள் போயிருக்கும். கோளாறு லென்ஸில்தானா என்று உறுதி செய்துகொள். வேறு யாரிடமாவது ஒரு கேனான் லென்ஸ் இரவல் வாங்கிப் போய் அதே பாடியில் எஃப் 11 வைத்துப் பத்துப் படம் எடு. எர்ர் வராவிட்டால் பாடி நல்லது. அவர் லென்ஸோடு தரட்டும், ஆனால் விலையை லென்ஸ் இல்லாத விலையாகப் பேசு. அந்த 18-55ஐப் பழுதுபார்க்கச் செலவழிக்காதே, ஆகிற கூலிக்கு வேலை செய்கிற பழையதே கிடைக்கும்.

வேடந்தாங்கலுக்கு இப்போது எதுவும் வாங்காதே. தை, மாசியில் பறவை நிறைய இருக்கும், சலங்கை பூஜை முடிந்தபின் பழைய 55-250 ஒன்று தேடுவோம். வாங்கும்போது அதற்கும் டார்ச் அடிக்கணும், மறந்துவிடாதே.