பதில்: பதில்: ஓடைக்கரைச் சுவர் வசூல் – ஆளுக்கு 20,000

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊரு ஓடைக்கரைச் சுவரு சரிஞ்சிருச்சு, திரும்பக் கட்ட ஆளுக்கு 20,000 குடுங்கன்னு வந்த மெயிலுக்குத்தான் இந்தப் பதில்.

மஸ்கட் மாப்ள லீவுக்குப் போனப்ப எடுத்த போட்டோவ நல்லா பெருசாக்கிப் பாத்தேன். எல்லாரும் சுவரு சரிஞ்சதயே பேசுறீங்க, அதுக்குக் கீழ யாராவது பாத்தீங்களா? படித்துறைல கடைசிப் படிக்குக் கீழ ஆளு உயரத்துக்கு மண்ணு தெரியுது, அஸ்திவாரக் கல்லு அந்தரத்துல தொங்குது. ஓடைத் தரையே இறங்கிருச்சுண்ணே, சுவரு சரிஞ்சது அதுக்கு அப்புறம்தான்.

தண்ணி எவ்வளவு வருது, சரிவு எவ்வளவு, இந்த ரெண்டும்தான் ஓடையோட அறுக்குற பலம். இமயமலைல நிலம் எழும்ப எழும்ப சரிவு கூடுது, ஆறும் விடாம அறுத்துக்கிட்டே இருக்கு, இந்தியத் தட்டு ஆசியாவுல போய் முட்டி 5 கோடி வருசம் ஆகியும் அந்தத் தள்ளு இன்னும் நிக்கல. நம்ம மலை அந்த வகை இல்ல. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல, ஆனா அங்க ஓடையெல்லாம் சோம்பேறியாத்தான் போகும். விளிம்புக்கு வந்ததும் ஒரே விழுகை, கொடைக்கானல் காட்ரோட்டுல பஸ்ஸ நிறுத்திப் பாப்போம்ல தலையாறு அருவி, அது 297 மீட்டர். இப்படி விழுகுற இடத்துல, அடியிலருந்து மேல்நோக்கி அறுத்துக்கிட்டு ஏறுற வெட்டு கெட்டிப் பாறைல வந்து மாட்டி நிக்கும். பாறைய அறுக்க வெறும் தண்ணி பத்தாது, கல்லு வேணும். கும்பக்கரை அருவில அண்டா கெஜம், உரல் கெஜம்னு குதிச்சோமே, அதெல்லாம் சுழிக்குள்ள கல்லு சுத்திச் சுத்தி கொடஞ்ச குழிதான். (அதுல வழுக்கி விழுந்து பல்லு போனவரும் இந்த குரூப்லதான் இருக்காரு, பேரு வேணாம்.)

இப்ப விசயத்துக்கு வர்றேன். மேல மலை எழும்புச்சா இல்ல கீழ தரை இறங்குச்சான்னு ஓடைக்குத் தெரியாது, சரிவு கூடுனா அறுக்கும், அவ்வளவுதான். பாலத்துக்குக் கீழ வருசக் கணக்கா மணல் அள்ளி குழியாக்கியாச்சு, அந்தக் குழியோட விளிம்பு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி படித்துறை வரைக்கும் வந்துருச்சு. பாறைல லட்சக்கணக்கான வருசம் எடுக்குற வேலை, மண்ணுல நாலு வெள்ளத்துல முடிஞ்சுபோகும். யாரு டிராக்டர்னு நான் சொல்லல, எங்கப்பா தனியாளா போய்க் கேட்டப்ப என்ன பேச்சு பேசுனீங்கன்னு பெரிய வீட்டுக்காரங்களுக்கே ஞாபகம் இருக்கும். அன்னிக்கு வேடிக்க பாத்தவங்கதான் இன்னிக்கு "ஊர் மானம்"னு மெயில் போடுறீங்க.

எஸ்டிமேட்ல சுவரு உயரம் 12 அடின்னு இருக்கு, அஸ்திவாரம் எத்தன அடி ஆழம்னு ஒரு வரி கூட இல்ல. குழிக்கு மேல எத்தன அடி எழுப்புனாலும் அடுத்த வெள்ளத்துல அடிமண்ணு போயிரும். மொதல்ல பாலத்துக்கிட்ட ஓடைக்குக் குறுக்கால தாழ்வா ஒரு தடுப்பு, தண்ணி விழுகுற இடத்துல பெரிய கல்லு பதிக்கணும், வெட்டு அங்கயே நிக்கும். சுவரெல்லாம் அதுக்கப்புறம். ஓடைக்குள்ள கை வைக்க நீர்வளத்துறை அனுமதியும் வேணும், அத வாங்குனாங்களா?

ஆழம் போட்ட எஸ்டிமேட் வரட்டும், என் பங்கு அன்னிக்கே வந்துரும். அப்படியே மண்டபக் கணக்கையும் அனுப்பிவிடுங்க, சிங்கப்பூர் அண்ணன் மூணு மெயில் போட்டும் ஒருத்தரும் வாயத் தொறக்கல.