கழுத்து வளைந்திருக்கிறது என்கிறார்கள், ட்ரஸ் ராடைத் திருகலாமா?

முத்துநகர்_கிட்டார்:

வணக்கம். தூத்துக்குடியில் இருக்கிறேன், ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். என்னுடையது ஸ்டீல் ஸ்ட்ரிங் டிரெட்நாட் (பெரிய உடம்புள்ள கிட்டார்), உள்ளே பிக்கப் (ஆம்ப்புக்குச் சத்தத்தை அனுப்பும் கருவி) வைத்தது. வாங்கும்போது 10-47 என்ற மெல்லிய கம்பி செட் இருந்தது. சத்தம் பத்தவில்லை என்று தடித்த 12-53 செட்டுக்கு மாற்றினேன். சத்தம் அருமையாக வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் கம்பி விரல்பலகையை விட்டு மேலே ஏறிவிட்டது. முதல் மூன்று ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பரவாயில்லை. ஐந்துக்கு மேல் பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துவது) பிடித்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் கை கடுக்கிறது.

ஒரு கடையில் காட்டினேன். கழுத்து வளைந்துவிட்டது, அதற்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை டைட் வைத்தால் கம்பி இறங்கிவிடும் என்றார்கள். சவுண்ட் ஹோலுக்குள் பார்த்தால் ஆலன் கீ (அறுகோணச் சாவி) போடுகிற முனை தெரிகிறது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? நானே செய்யலாமா, இல்லை உடைந்துவிடுமா?

ஆறுகம்பி:

வலப்பக்கம் திருப்பினால் இறுகும், கழுத்து நேராகும். இடப்பக்கம் திருப்பினால் தளரும், வளைவு கூடும். சவுண்ட் ஹோல் பக்கமிருந்து தலையைப் பார்த்தபடி திருப்பும்போது வலது எது என்று பாருங்கள், பலர் அங்கேதான் குழம்புகிறார்கள். நான் என் கிட்டாரின் கழுத்தைக் கோடு போட்ட மாதிரி நேராக வைத்திருக்கிறேன், கம்பி நன்றாக இறங்கியிருக்கிறது. தைரியமாகச் செய்யுங்கள்.

மரத்தூள்:

திசை சரிதான். ஆனால் சாவியைக் கையில் எடுப்பதற்கு முன் அளந்து பாருங்கள் தங்கச்சி. கிட்டார் பழுது பார்ப்பதுதான் என் தொழில். என்னிடம் வருகிற கிட்டார்களில் பாதிக்கு மேல் யாரோ அளக்காமல் ராடைத் திருகிப் பார்த்தவை.

உங்கள் கழுத்துக்கு நடந்தது இதுதான். 10-47 கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 60 கிலோ இழுக்கும். 12-53 சுமார் 73 கிலோ இழுக்கும். வில்லில் நாண் ஏற்றினால் வில் வளைகிற மாதிரி கழுத்து கம்பி பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கும். இந்த இழுப்புக்கு எதிராக வேலை செய்யத்தான் பலகைக்கு அடியில் அந்த இரும்புக் கம்பி. கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மக்ஹியூ 1921-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1923-ல் வாங்கிய ஏற்பாடு இது. எல்லாக் கிட்டாரிலும் இருக்கும் என்று நினைக்கக்கூடாது. மார்ட்டின் கிட்டார் கம்பெனியே 1985-ல்தான் திருகிச் சரிசெய்யும் ராடுக்கு மாறியது.

கழுத்து முழுக்க நேராக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதிர்கிற கம்பி நடுவில்தான் அதிகமாக வீசும். அந்த வீச்சுக்கு இடம் கொடுக்கத்தான் கழுத்தில் சிறிய குழிவு விடுகிறோம், அதை ரிலீஃப் என்போம். ஆறுகம்பி மெதுவாக விரலால் மீட்டுகிறவராக இருந்தால் நேர்க்கழுத்து அவருக்கு ஒத்துவரும். பிக் வைத்து ஓங்கி அடித்துப் பாடகர் குழுவோடு வாசிப்பவருக்கு முதல் ஐந்து ஃப்ரெட்டிலும் ஜிர்ரென்று இரையும்.

அளப்பது எளிது. கம்பிகளை வழக்கமான சுருதிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், தளர்ந்த கம்பியில் அளந்தால் பொய்க் கணக்கு வரும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில், அதாவது 14-ஆவது ஃப்ரெட்டில், ஆறாவது கம்பியை, அதாவது மிகத் தடித்ததை, அழுத்திப் பிடியுங்கள். இப்போது அந்தக் கம்பியே உங்கள் நேர்கோடு. ஏழாவது ஃப்ரெட்டின் மேல்முனைக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். டூவீலர் மெக்கானிக் டாப்பெட் சரிபார்க்க வைத்திருக்கும் அதே கேஜ்தான், உதிரி பாகக் கடையில் கேட்டால் கிடைக்கும். 0.15 முதல் 0.30 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ராடைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் கேப்போவை எடுத்துவிட்டு, 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியும் முதல் கம்பியும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று ஸ்டீல் ஸ்கேலில் பாருங்கள். பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் கம்பிகளைக் கட்டும் மரக்கட்டை) மேல் சேடில் (கம்பிகள் தாங்கி நிற்கும் பட்டை) எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் வேண்டும். எல்லாவற்றையும் இங்கே எழுதுங்கள்.

நைலான்_விரல்:

இதைப் படிக்கிற கிளாசிக்கல் கிட்டார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நைலான் கம்பி போட்ட பெரும்பாலான கிட்டார்களில் ராடே கிடையாது. நைலான் 40 கிலோ அளவுக்குத்தான் இழுக்கும், அதனால் தேவைப்படவில்லை. சத்தம் வேண்டும் என்று அதில் ஸ்டீல் கம்பி ஏற்றிவிடாதீர்கள், பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

முத்துநகர்_கிட்டார்:

அளந்துவிட்டேன் அண்ணா. ஏழாவது ஃப்ரெட்டில் 0.50 கேஜ் உரசாமல் நுழைகிறது. 12-ஆவதில் ஆறாவது கம்பி 3.2, முதல் கம்பி 2.6 மில்லிமீட்டர். சேடில் வெளியே 4.5 மில்லிமீட்டர் இருக்கிறது. இங்கே கடற்காற்று, வீட்டில் ஏசி கிடையாது. அதுவும் காரணமாக இருக்குமா?

மரத்தூள்:

இருக்கும். மரம் ஈரம் குடித்தால் மேல்பலகை உப்பும், அதோடு பிரிட்ஜும் சேர்ந்து மேலே வரும். கழுத்து நேராக இருக்கும்போதே கம்பி உயர்ந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம். கிட்டாருக்கு ஏற்றது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம், கடலோர ஊரில் அதை எதிர்பார்க்க முடியாது. வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் இரண்டு வேலை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததுதான் கடையில் சொன்னதில் உள்ள கோளாறு. ரிலீஃப் 0.50 அதிகம், அதற்கு ராடு. கம்பி உயரம் 3.2 அதிகம், அதற்கு முக்கியமாகச் சேடில். ராடை இறுக்கி ரிலீஃபை 0.25-க்குக் கொண்டுவந்தால் 12-ஆவது ஃப்ரெட்டில் 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர்தான் இறங்கும். மீதியையும் ராடிலேயே இறக்க நினைத்தால் கழுத்து பின்பக்கம் வளையும். அப்போது முன் ஃப்ரெட்டெல்லாம் இரையும், ஐந்துக்கு மேல் கை கடுப்பது அப்படியேதான் இருக்கும்.

ராடை இப்படித் திருப்புங்கள். சாவி அந்தக் குழியில் ஆடாமல் முழுசாக உட்கார வேண்டும். அங்குல அளவுச் சாவியை மில்லிமீட்டர் குழியில் போட்டால் முனை வழுக்கி உருண்டையாகிவிடும், அதற்கப்புறம் என்னைப் போன்றவனிடம்தான் வர வேண்டும். நடு இரண்டு கம்பிகளைத் தளர்த்திவிட்டுக் கையை நுழையுங்கள். வலப்பக்கம் அரைக்கால் சுற்று (எட்டில் ஒரு பங்கு) திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து, அளந்து பாருங்கள். பத்தவில்லை என்றால் இன்னொரு அரைக்கால். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மறுநாள் திரும்ப அளக்க வேண்டும், ஏனென்றால் மரம் நிதானமாகத்தான் நகரும். திருப்பும்போது முரண்டு பிடித்தால் பலம் கொடுக்காதீர்கள். சாதாரணமாகத் திரும்பாத ராடு அறுந்துவிடும், அதை மாற்ற விரல்பலகையையே பெயர்க்க வேண்டியிருக்கும்.

ஆறுகம்பி:

நன்றி மரத்தூள். இதைப் படித்துவிட்டு என்னுடையதையும் அளந்தேன், 0.05 கேஜ்கூட நுழையவில்லை. ஓங்கி அடித்தால் இரண்டாவது ஃப்ரெட்டில் இரையும், கம்பி பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரைக்கால் சுற்று தளர்த்தினேன், இரைச்சல் போய்விட்டது.

முத்துநகர்_கிட்டார்:

அண்ணா, ரிலீஃப் இப்போது 0.25. 12-ஆவதில் 3.0-வும் 2.4-ம். கார்டு பிடிப்பது கொஞ்சம் இலகுவாகிவிட்டது. சேடிலை எவ்வளவு தேய்க்கலாம்?

மரத்தூள்:

நல்லது. ஆறாவதுக்கு 2.4, முதலாவதுக்கு 1.9 இலக்காக வைத்துக்கொள்ளலாம். ஓங்கி வாசிப்பவர் என்பதால் அதற்குக் கீழே போக வேண்டாம். 12-ஆவது ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி. அதனால் அங்கே குறைய வேண்டியதைப் போல இரண்டு மடங்கு சேடிலில் எடுக்க வேண்டும். ஆறாவது பக்கம் 0.6-க்கு 1.2 மில்லிமீட்டர், முதல் கம்பி பக்கம் 0.5-க்கு 1.0. வெளியே 4.5 இருக்கிறது, எடுத்த பிறகும் மூன்றுக்கு மேல் மிஞ்சும், கவலையில்லை.

கம்பியைத் தளர்த்திச் சேடிலை உருவுங்கள். பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். மேல்பக்கத்தைத் தொடாதீர்கள். உங்களுடையதில் பிக்கப் சேடிலுக்கு அடியில் இருந்தால் அடி துளி மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆம்ப்பில் ஒரு கம்பி கத்தும், ஒரு கம்பி கேட்கவே கேட்காது. கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்தி, மாட்டி, வாசித்துப் பாருங்கள்.