நாகூமின் நினிவே: மீட்பா, பழிவாங்கலா?

மார்த்தா:
எங்கள் வேதபாட வகுப்பில் நாகூம் முதல் அதிகாரம் படித்தோம். அசீரியாவின் தலைநகரான நினிவே அழியும் என்று நாகூம் தீர்க்கதரிசி சொல்லும் பைபிள் புத்தகம் அது. 2ஆம் வசனத்தில் எபிரெயத்தில் 'நோக்கேம்' என்ற சொல் மூன்று முறை வருகிறது. பழிதீர்க்கிறவர் என்று பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு அதை 'நீதியைச் சரிக்கட்டுகிறவர்' என்று மென்மையாகச் சொல்கிறது. ஐந்து வசனம் தாண்டினால் 'கர்த்தர் நல்லவர், இக்கட்டுநாளிலே அரணான கோட்டை' என்று வருகிறது. கோட்டைக்குள் இருப்பவருக்கு நல்லவர், சரி. நினிவே தெருவில் விளையாடிய பிள்ளைக்கு? கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து அந்த நகரத்தை அழித்தார்கள். அதை தேவநீதி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கல்வெட்டுப் பிரியன்:
அக்கா, லாகீஸ் சிற்பங்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நினிவே அரண்மனைச் சுவரில் இருந்தவை, இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்த காட்சி அது. மதிலுக்கு வெளியே ஆட்களைக் கழுவேற்றுகிறார்கள். இரண்டு பேரைத் தரையில் கிடத்தித் தோலை உரிக்கிறார்கள். இன்னொரு பக்கம், மாட்டு வண்டியில் மூட்டைகளின் மேல் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போகிறார்கள். தோற்றவர்கள் அழுதுகொண்டே செதுக்கியதல்ல இது. ஜெயித்தவன் தன் பெருமைக்காகச் செதுக்க வைத்தது! யூதாவில் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும் அவனே எழுதி வைத்திருக்கிறான்.

நாகூம் 1:13இல் தேவன் யூதாவிடம் 'நுகத்தை முறிப்பேன்' என்கிறார். அந்த வண்டியில் உட்கார்ந்து கேட்டால் இது பழிவாங்கல் போலவா இருக்கும்? நுகம் முறிவது மாட்டுக்கு மீட்பு, பூட்டியவனுக்குத் தீர்ப்பு. நாகூம் என்ற பெயருக்கே ஆறுதல் என்றுதான் பொருள்.

எளிய வாசகன்:
ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தப் புத்தகத்தில் யூதாவின் கையில் யாரும் வாளைக் கொடுக்கவில்லை. 1:15இல் அவர்களிடம் கேட்பதெல்லாம் பண்டிகையை ஆசரி, பொருத்தனையை, அதாவது நேர்ந்துகொண்டதைச் செலுத்து, அவ்வளவுதான். பழி தேவனுடைய கையில் இருக்கிறது. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

மார்த்தா:
வாளை யூதா எடுக்கவில்லை, பாபிலோன் எடுத்தது. அதே பாபிலோன் கி.மு. 586இல் எருசலேம் ஆலயத்தையும் எரித்தது. அப்படியானால் எருசலேமின் பிள்ளைகளும் நுகம் பூட்டியவர்களா? நாகூமில் யூதாவின் பாவத்தைக் கண்டித்து ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா?

அசீரியாவின் கொடுமையை நான் மறுக்கவில்லை தம்பி. ஆனால் பைபிளின் யோனா புத்தகமும் இதே நினிவேயைப் பற்றித்தானே பேசுகிறது? வலது கை எது, இடது கை எது என்று தெரியாத 1,20,000 பேருக்கும் அதிகமானவர்கள், கூடவே மிருகஜீவன்கள். அவர்களுக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று தேவன் கேட்பதோடு அந்தப் புத்தகம் முடிகிறது. யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் அதைத்தான் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள்.

கல்வெட்டுப் பிரியன்:
பாபிலோனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் யோனா 4:2இல் வரும் 'நீடிய சாந்தம்' நாகூம் 1:3இலும் இருக்கிறது. லாகீஸ் விழுந்து நினிவே விழ 89 வருடம். அது பொறுமையில்லையா?

மார்த்தா:
அந்த 89 வருடமும் அடி வாங்கியவனுக்கு அது பொறுமையாகவா தெரிந்திருக்கும்? இப்போது நானே உங்கள் பக்கம் பேசுகிறேன் போல.

எளிய வாசகன்:
அக்கா, 2:7ஐப் பாருங்கள். நகரம் விழும்போது பணிப்பெண்கள் புறாக்களைப் போல முனகி மார்பில் அடித்துக்கொள்கிறார்கள். நினிவேப் பெண்களின் அழுகையை நாகூமே கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

மார்த்தா:
அந்த வசனத்தை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். இப்போது மறுபடி படித்தேன். அந்தப் புறாச் சத்தம் காதிலேயே நிற்கிறது. ஆனாலும் புத்தகம் அங்கே முடியவில்லையே. கடைசி வசனத்தில், செய்தி கேட்ட எல்லோரும் கைகொட்டுகிறார்கள். அந்தக் கைகளோடு என் கையைச் சேர்க்க இன்னும் முடியவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லப் போகிறேன்.