லேப்டாப் திரை இருட்டு: கடைக்குக் கொண்டுபோகும் முன் என்ன பார்க்கலாம்?

மேகலை:
நேற்று மின்சாரம் போய் வந்ததிலிருந்து என் பழைய லேப்டாப்பில் பவர் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கடையில் போனிலேயே "மதர்போர்டு போயிருக்கும், ஏழாயிரம் ஆகும்" என்கிறார்கள். தம்பியின் கல்லூரி புராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருக்கிறது. நானே எதையாவது சோதிக்க முடியுமா?

பழுதுமேசை:
போன் வழியாக மதர்போர்டைப் பார்க்கும் ஞானக்கண் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை, சகோதரி. கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். தட்டத் தட்ட அதன் விளக்கு எரிந்து அணைந்தால் லேப்டாப் உயிரோடு இருக்கிறது, கோளாறு பெரும்பாலும் திரைப்பக்கம். அறையை இருட்டாக்கித் திரைமேல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்கு வெளிச்சம் கொடுக்கும் பின்னொளி போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியுடன் இணைத்துக் கோப்புகளை எடுத்துவிடலாம்.

விளக்கு அசையவே இல்லையென்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடியட்டும். அதற்கும் மசியாவிட்டால் அடுத்து ரேம் (தற்காலிக நினைவகப் பட்டை). அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். இதை மறந்து ரேமைத் தொட்டால்தான் உண்மையிலேயே மதர்போர்டு செலவு வரும். ரேமின் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

குமரன்_நெல்லை:
திறக்கும் முன் டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எழும்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். நெம்பாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். அது கடைக்காரர் வேலை.

மேகலை:
டச்பேட் சமமாகத்தான் இருக்கிறது. கேப்ஸ் லாக் எரியவில்லை, 30 விநாடிக்கும் பலனில்லை. ரேமைத் துடைத்துப் போட்டதும் படம் வந்துவிட்டது! ஆனால் தேதி 2019 என்று காட்டுகிறது. எதையாவது கெடுத்துவிட்டேனா?

பழுதுமேசை:
இல்லை. கடிகாரத்துக்கென்று உள்ளே இருக்கும் சின்ன செல் முன்பே தீர்ந்திருக்கும். இதுவரை பெரிய பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்டியிருக்கும், அதைப் பிடுங்கியதும் தேதி விழுந்துவிட்டது. பல மாடல்களில் அந்தச் சின்ன செல் சிஆர்2032, 3 வோல்ட். வயருடன் வரும் வகையாக இருந்தால் அதே இணைப்பு முனை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தேதியைச் சரிசெய்யாமல் விட்டால் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், பயப்பட வேண்டாம். இப்போதைக்கு செல்லை விடுங்கள், தம்பியின் புராஜெக்டை முதலில் பென் டிரைவில் எடுத்துவையுங்கள்.